ஏற்காட்டில் தேறிய கேரவன் கடற்கரையில் ஏன் படுத்துக்கொள்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் விடுமுறை நெருங்கினால் சேலத்தில் படுக்கை, சமையல், கழிப்பறை வசதியோடு கேரவன் கட்டும் பட்டறைகளிலும் வாடகைக்கு விடுபவர்களிடமும் போன் ஓயாது. ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து ஒரு வண்டியை எடுப்பார்கள். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூரில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, மனோரா, தேவிபட்டினம் என்று ராமேஸ்வரம் வரை போய் வருவார்கள். வண்டிக்கு பாடி கட்டுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். இந்தப் பயணங்கள் பெருகுவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கிளம்பும் முன் எல்லாரும் செய்து பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. வண்டியை ஏற்காட்டுக்கு ஏற்றி, ஓர் இரவு தங்கி, மறுநாள் இறக்கிப் பார்ப்பது. இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிவிட்ட வண்டிக்குக் கடற்கரைச் சமவெளி எம்மாத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். மலை சோதிப்பது ஒன்று, கடல் சோதிப்பது வேறொன்று. இதை உங்கள் வாசகர்களுக்கு விவரமாகச் சொல்லவும், கடைசியில் தண்ணீர், கழிவு வசதிக்காக ஒரு கோரிக்கை வைக்கவுமே இந்தக் கடிதம்.

மலை நன்றாகச் சோதிப்பவை பிரேக்கும் எடையும். ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறிய ஒரு நடுத்தர கேரவன் 4 டன்னை ஒட்டி வரும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து 4 டன் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 12 யூனிட். இத்தனையையும் பிரேக்கும் இன்ஜினும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும்போது எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறக்கினால் பெரும்பங்கை இன்ஜின் ஏற்கும். நியூட்ரலில் விட்டு மிதித்துக்கொண்டே வந்தால் முழுவதும் பிரேக் தலையில் விழும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். கேரவன் பாதி நாள் சும்மா நிற்கும் வண்டி. கிலோமீட்டர் ஓடவில்லையே என்று இதைத் தள்ளிப் போடுகிறவர்கள் அதிகம்.

எடையில் பெரும்பாலோர் மொத்தக் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். சங்ககிரிப் பக்கமோ சேலம் புறவழியிலோ எடைமேடைக்குப் பஞ்சமில்லை. அங்கே மூன்று முறை நிறுத்துங்கள்: முழு வண்டி, முன் ஆக்சில் மட்டும், பின் ஆக்சில் மட்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவோடு மூன்றையும் ஒப்பிடுங்கள். ஏன் தனித்தனியாக என்றால், பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் எடை தராசுக் கோல் போல வேலை செய்கிறது. வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி) 3.35 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் ஆக்சிலில் ஏறுவது 100 அல்ல, 136 கிலோ. அந்தக் கூடுதல் 36 கிலோ முன் சக்கரத்திலிருந்து குறைகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டதே என்று டிரைவர் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே தண்ணீர் தொட்டியும் பேட்டரியும் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, தரைமட்டத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வேண்டும். தடுப்பில்லாத தொட்டி பாதி நிறைந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியைச் சாய்க்கும். மலை ஏறும்போது அந்தத் தொட்டி ஒன்று நிறைந்திருக்கட்டும், இல்லை காலியாக இருக்கட்டும்.

இதுவரை ஏற்காடு நல்ல வாத்தியார்தான். இனிமேல் சொல்வதெல்லாம் அது சொல்லித் தராதவை.

முதலில் கரண்ட். ஜனவரி இரவில் ஏற்காட்டில் 15 டிகிரியை ஒட்டிய குளிர். பேன் வேண்டாம், ஜன்னலைச் சாத்திப் போர்வைக்குள் போய்விடலாம். 12 வோல்ட்டில் ஓடும் 40 லிட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 50 வாட் இழுக்கும். குளிரில் மணிக்குக் கால் மணி நேரம் ஓடினால் போதும். ஒரு நாளைக்கு 300 வாட்-அவர் (ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட்). விளக்குக்கு 60, ஆறு போனுக்கு 90. மொத்தம் 450. ஒரு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-அவர் இருக்கும். அதில் 1,150 வரை எடுக்கலாம். ஆக, இரண்டு நாள் தாராளமாகத் தாங்குகிறது. வண்டிக்காரருக்கும் நண்பர்களுக்கும் திருப்தி.

அதே வண்டி வேளாங்கண்ணியில் நிற்கிறது. பகலில் மூடிய வண்டிக்குள் சூடு 40 டிகிரியைத் தொடும். பிரிட்ஜ் மணிக்கு 35 நிமிடம் ஓடும், 700 வாட்-அவர். இரவில் காற்றில் ஈரம் பிசுபிசுக்கும், பேன் இல்லாமல் கண் மூட முடியாது. 28 வாட் பி.எல்.டி.சி. பேன் இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 560. விளக்கும் போனும் அதே 150. மொத்தம் 1,410. ஒரு நாள்கூட முழுதாக வராது. விடியற்காலை மூன்று மணிக்கு பேன் நிற்கும். பேட்டரி கெட்டுவிட்டது என்று திரும்பி வந்து சண்டை போடுகிறார்கள். பேட்டரியில் குறையில்லை, கணக்கில்தான் குறை. ஆறு பேர் கடற்கரைக்குப் போகிற வண்டியில் 200 ஆம்பியர்-அவர் லித்தியமும் கூரையில் 400 வாட் சோலாரும் இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு 400 வாட் தகடு, சூட்டில் வீணாவது போக, ஒரு நாளில் 1,500 வாட்-அவர் தரும். அன்றன்றைய செலவுக்குச் சரியாக இருக்கும். பழைய டியூபுலர் பேட்டரி என்றால் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் எடுக்கலாம்; அதற்கு மேல் இறக்கினால் ஒன்றிரண்டு வருடத்தில் செத்துவிடும். எடையும் ஒன்று 50 கிலோவுக்கு மேல்; மேலே சொன்ன தராசுக் கணக்கை நினைவில் வையுங்கள்.

சோலார் தகட்டின் மேல் தினமும் உப்புப் படலம் படியும். காலையில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். துடைக்காவிட்டால் நாளாக ஆக வரவு குறைந்துகொண்டே வரும். ஓடும்போது இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு ஏற்ற டி.சி.-டி.சி. சார்ஜர் பொருத்துகிறவர்கள் வயரில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. 30 ஆம்பியர் 5 மீட்டர் போய் 5 மீட்டர் திரும்புகிறது என்றால், 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.33 வோல்ட்தான் போகும். பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த பியூஸ், அந்த இரண்டு மீட்டர் வயர் தீப்பிடித்தால் காப்பாற்றாது. ஏ.சி.யைப் பற்றி ஒரே வரி: ஒரு டன் ஏ.சி. சுமார் 1,000 வாட் இழுக்கும். பேட்டரியை நம்பி அதைப் போடாதீர்கள். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நிற்கிற வண்டி ஞாபகம் வந்து ஏ.சி. கேட்கிறார்கள். அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

லாட்ஜிலோ ஓட்டலிலோ கேட்டு வெளிக் கரண்ட் எடுக்கும்போது உயிர் பயம் உண்டு. கடலோரத் தரை எப்போதும் ஈரம், கால் வெறுங்கால், வண்டியின் பாடி முழுக்க உலோகம். அந்த பிளக்கில் எர்த் இல்லாமல் உள்ளே ஒரு வயர் உரசினால், கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவருக்கு 230 வோல்ட். வண்டிக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தே ஆக வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை ஒவ்வொரு முறை இணைத்ததும் அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இணைத்த பிறகு செருப்போடு நின்று டெஸ்டரைக் கதவில் வைத்துப் பாருங்கள். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர். சுருளை முழுவதும் பிரித்துப் போட வேண்டும். சுற்றியபடியே வைத்து லோடு கொடுத்தால் உள்ளுக்குள் சூடேறி உருகும்.

அடுத்து உப்பு. நம் ஊருக்கு உப்பு என்றால் நினைவு வருவது சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1930-இல் வேதாரண்யத்தில் அள்ளிய உப்பு. அந்த வேதாரண்யம் வழியாகப் போகிற வண்டியின் அடியில் ஏறுகிற உப்பு கண்ணுக்கே தெரியாது. அலை உடையும் இடத்திலிருந்து நுண்துளியாகக் காற்றில் வந்து, வண்டியின் அடிப்பாகத்திலும் வெல்டிங் மூட்டிலும் வயர் இணைப்பிலும் உட்காருகிறது. மலைப்பனியில் நனைந்த வண்டி வெயிலில் காய்ந்துவிடும். உப்பு அப்படியல்ல. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னைத் தானே நனைத்துக்கொண்டே இருக்கும். வண்டி சேலம் திரும்பி ஷெட்டில் நிற்கும்போதும் அரிப்பு நடக்கிறது. அதனால்தான் கோளாறு பயணத்தில் தெரியாமல், மூன்று வாரம் கழித்துப் பின்விளக்கு மங்குவதில் தெரிகிறது.

இங்கே சேலத்துக்காரர்கள் ஒரு விஷயத்தில் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இரும்பாலை இருக்கிற ஊர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு. பாடியில் ஸ்டெயின்லெஸ் போட்டால் துரு வராது என்று நம்புகிறார்கள். சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது மூன்று கிரேடு: 202, 304, 316. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், விலை மலிவு. கடற்காற்றில் சில மாதத்திலேயே பழுப்புப் பொட்டு விழும். 304 நல்ல சரக்கு, நம் சமையலறைக்கும் ஏற்காட்டுக்கும் தாராளம். ஆனால் உப்பில் அதுவும் தேநீர்க் கறை போல நிறம் மாறும், மூட்டுக்குள் குழி விழும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பைத் தாங்குவது அதுதான். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறோம் என்பார்கள். காந்தம் 202-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. கிரேடைக் கண்டுபிடிக்க ரசாயனச் சொட்டு வைத்துப் பார்க்கும் பழைய இரும்புக் கடைகள் செவ்வாய்ப்பேட்டையில் இல்லாமலா போகும்? அங்கே காட்டி வாங்குங்கள். முழு பாடியையும் 316-இல் கட்டச் சொல்லவில்லை, கட்டுப்படியாகாது. வெளியே தெரியும் திருகு, கீல், ஏணி, கூரைத் தாங்கி இவற்றுக்கு மட்டும் போட்டால் போதும்.

அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேராக ரிவெட் அடிப்பது இன்னொரு தவறு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். நடுவில் ரப்பர் பட்டையோ நைலான் வாஷரோ கொடுத்துப் பிரிக்க வேண்டும். உள்ளே மரவேலைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை. சாதா பிளை ஓரத்தில் ஈரம் குடித்து ஊதி, அலமாரிக் கதவு மூடாமல் போகும். வெட்டிய ஓரங்களை வார்னிஷால் அடைக்காவிட்டால் மரைன் பிளையும் வீண்தான்.

சேஸில் எர்த் வயர் பிடிக்கும் இடங்களைப் போகும் முன்னும் வந்த பின்னும் பாருங்கள். விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் சேஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஊர் திரும்பிய இரண்டு நாளுக்குள் அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கழுவ வேண்டும். பிரஷர் பம்பைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மேல் நேராகப் பிடிக்காதீர்கள். சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கும், பேரிங் போகும். கடற்கரையில் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்பதென்றால் கைபிரேக் போட்டு விடாதீர்கள். ஈர உப்பில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடைக்கட்டை கொடுத்தால் போதும்.

தரைக்கு வருவோம். ஏற்காட்டில் வண்டி ஒதுக்கும் இடம் கல்லும் செம்மண்ணுமாக இறுகியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் பல இடங்களில் மேலே புல், கீழே மணல். புல்லைப் பார்த்து ஒதுக்கினால் பின் சக்கரம் இறங்கும். இறங்கிய உடனே ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் எல்லாரும் செய்வது; ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் இன்னும் ஆழத் தோண்டும், பின் ஆக்சில் நடுவிலுள்ள டிபரன்ஷியல் மணலில் உட்கார்ந்தால் கிரேன்தான் வழி. மிதிக்காதீர்கள். ஆட்களும் சாமானும் இறங்கட்டும். பின் டயர்களில் காற்றைப் பாதியாகக் குறையுங்கள்; டயர் தட்டையாகி அகலமாக மிதிக்கும். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வெட்டி, பலகையோ கோணிச் சாக்கோ பனை மட்டையோ நுழைத்து, இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்துங்கள். கெட்டித் தரை வந்ததும் காற்றை நிரப்பாமல் ஓட்டக் கூடாது; குறைந்த காற்றில் வேகம் எடுத்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் சூடேறிக் கிழியும். ஆகவே 12 வோல்ட் காற்றுப் பம்பு வண்டியில் இருக்க வேண்டும். டயரைப் பற்றி இன்னொன்று: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கேரவன் டயர் தேய்ந்து போவதற்கு முன் வயதாகிப் போகும். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் வேண்டாம்.

அலை ஓரத்து மணலுக்குள் மட்டும் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். அங்கேதான் மீனவர்கள் படகு இழுத்து ஏற்றுகிறார்கள், வலை உலர்த்துகிறார்கள். விடியலில் படகு கரை சேரும் நேரத்தில் வழியில் ஒரு கேரவன் நின்றால் அவர்கள் மீன் ஏலம் கெடும். ஊருக்குள் தங்குவதென்றால் முதலில் அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். பொங்கலிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். குஞ்சு பொரிந்ததும் அடிவானத்தில் எங்கே வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நகரும். இயல்பில் அது கடல். வண்டியைச் சுற்றி எல்.இ.டி. பட்டை எரியவிட்டால் அவை ரோட்டுக்கு வரும். கடலைப் பார்த்த பக்கத்து விளக்கை அணைத்து, திரையையும் இழுத்து விடுங்கள்.

மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வீசும் காற்று, வண்டியின் பந்தலைப் பிய்த்துவிடும். மலையில் ஆணி அடித்து இழுத்துக் கட்டியது மணலில் நிற்காது. அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் நிற்கும். இரவில் படுக்கப் போகும் முன் பந்தலைச் சுருட்டிவிடுங்கள். நள்ளிரவுக்குப் பின் காற்று திசை மாறிக் கரையிலிருந்து வீசும். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். கேரவனின் பக்கம் 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் உயரம் என்றால் 13 சதுர மீட்டர் கப்பல் பாய் மாதிரி. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று அதை 150 கிலோவுக்கு மேல் தள்ளும். 40-ஐத் தாண்டாமல் போங்கள், பஸ் எதிரே கடக்கும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள். தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். கடலூரிலோ நாகையிலோ பாம்பனிலோ 1-ஆம் எண் புயல் கூண்டு ஏறினாலும் வண்டியை உள்நாட்டுப் பக்கம் திருப்புங்கள். வண்டியின் உயரத்தை மீட்டரிலும் அடியிலும் எழுதி டிரைவர் கண்ணெதிரே ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதையின் முன் நின்றுகொண்டு கூரைமேல் ஏறி அளக்கும் நிலை வராது.

காஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் குளம் மாதிரி தேங்கும். சிலிண்டர் பெட்டி வண்டிக்குள் திறக்கக் கூடாது. கதவு வெளிப்புறம், அடியில் 10-க்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையாத வலை போட்ட திறப்பு. 5 கிலோ சிலிண்டர் ஆறு பேர் சமையலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும், 14.2 கிலோவை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்டி, ஓடும்போது வால்வை மூடுங்கள். மலைப் பாதையில் குலுங்கிய பிறகு மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். காஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையில் தலை உயரத்தில். ஏற்காட்டுக் குளிரில் கணப்புக்காகக் கரி அடுப்பை உள்ளே வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது உயிரை எடுக்கும், வாசமும் வராது.

உரிமம், பதிவு பற்றிச் சுருக்கமாக. வேனைக் கேரவனாக மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கழுவிவிடும். ஓடும்போது ஆறு பேருக்கும் பெல்ட் உள்ள இருக்கை வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு வரக் கூடாது.

கடைசியாக, எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயம்: தண்ணீரும் கழிவும். ஆறு பேருக்குக் குடிக்க ஆளுக்கு 4 லிட்டர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 30, அரை வாளிக் குளியல் ஆளுக்கு 8. ஒரு நாளைக்கு 100 லிட்டர் தாண்டும். கடலோரக் கிராமங்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உப்பு. அங்கே இருக்கிற நல்ல தண்ணீர் அந்த ஊருக்கே போதாது. உளுந்தூர்பேட்டையிலேயோ, தஞ்சாவூர் வழியாகப் போனால் தஞ்சாவூரிலேயோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

கழிவு இன்னும் பெரிய பிரச்சினை. வண்டியிலிருக்கும் கழிப்பறைப் பெட்டி 20 லிட்டர். ஆறு பேர் முழு நாளும் பயன்படுத்தினால் ஒரே நாளில் நிறையும். பகலில் ஓட்டல், பங்க் கழிப்பறைகளைப் பயன்படுத்தி, இரவுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டால் மூன்று நாள் வரும். அதில் ஊற்றும் நீல மருந்தில் பார்மால்டிஹைடு இருந்தால் செப்டிக் டேங்கில் உள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அது இல்லாத வகை கேட்டு வாங்குங்கள். நிறைந்த பெட்டியை எங்கே கொட்டுவது? ஏற்காட்டில் ஓர் இரவு தங்கித் திரும்புகிறவருக்கு இந்தக் கேள்வியே வராது. வீட்டுக்கு வந்து கொட்டிவிடுவார். கடலோரம் ஐந்து நாள் போகிறவருக்கு மூன்றாம் நாள் வந்தே தீரும். அப்போது சவுக்குத் தோப்புக்குள்ளும் முகத்துவாரத்திலும் கொட்டுகிறார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்படியே மணலில் திறந்துவிடுகிறார்கள். மணல்தானே, உறிஞ்சிவிடும் என்கிறார்கள். உறிஞ்சுவதுதான் ஆபத்து. கடலோர மணலில் சில மீட்டர் ஆழத்திலேயே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் குடத்தில் இறைத்துக் குடிப்பது அதைத்தான். வடிகட்ட இடையில் களிமண்ணும் இல்லை, பாறையும் இல்லை.

கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவை அரசுத் திட்டமாக எடுத்து, வண்டி நிறுத்தும் பூங்காக்களையும் சேர்த்தே பேசியது. நாம் கேட்பது பூங்காகூட இல்லை. கடலூரிலிருந்து ராமேஸ்வரம் வரை, கடலோரத்தில் ஏற்கெனவே இருக்கிற அரசு விடுதிகளிலும் நகராட்சிக் கட்டணக் கழிப்பறைகளிலும், 80 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக, மூன்றே வசதி: நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, தரைமட்டத்தில் மூடி போட்டு செப்டிக் டேங்கில் சேரும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் ஒன்று (பக்கத்தில் கழுவிவிட வேறு குழாயோடு), எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் உள்ள 16 ஆம்பியர் பிளக் ஒன்று. குடிநீர்க் குழாயும் கழுவும் குழாயும் ஒன்றாக இருக்கக் கூடாது. பெட்டியைக் கழுவிய ஓஸையே தொட்டியில் விடுவார்கள். ஒரு மேஸ்திரியும் ஒரு பிளம்பரும் இரண்டு நாளில் முடிக்கிற வேலை. கட்டணம் வைக்கட்டும், கேரவன் எடுத்துப் போகிறவர்கள் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். சேலத்திலிருந்து கிளம்பும் வண்டிகளுக்காக உளுந்தூர்பேட்டையில் ஒன்றும், கழிவு ஏரிப் பக்கம் போகாமலிருக்க ஏற்காட்டில் ஒன்றும் அமைந்தால் இன்னும் நல்லது. சுற்றுலாத் துறையின் கவனத்துக்கு இதை உங்கள் நாளிதழ் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கேரவன் பாடி கட்டும் தொழிலாளர்கள்,
சேலம்.